கைஜூவின் பக்கம் நின்றவர்கள்

1966 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. இரவு 7 மணிக்கு ஜப்பானியக் குழந்தைகள் டிபிஎஸ் சேனலில் 'அல்ட்ராமேன்' தொடரின் 23ஆவது பகுதியைப் பார்க்க உட்கார்ந்தார்கள். வழக்கம்போல ஒரு கைஜூ வரும், அதாவது ராட்சத மிருகம். ஊரை நொறுக்கும். வெள்ளியும் சிவப்புமான நாயகன் 40 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்று அதை முடித்துவைப்பான். அன்றைக்கு வந்தது ஜமீலா.

ஜமீலா ஒரு காலத்தில் மனிதன். விண்வெளிக்கு அனுப்பப்பட்டவன். கலம் வழிதவறி, தண்ணீரே இல்லாத ஒரு கோளில் போய்ச் சேர்ந்தான். அவனை அனுப்பிய நாடு தன் மானம் போய்விடும் என்று விஷயத்தை மூடி மறைத்தது. தேடிக்கொண்டு யாரும் போகவில்லை. அந்த வறண்ட மண்ணில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்ததில் உடம்பு மாறிப்போய், வெடித்த களிமண் மாதிரி தோலோடு, கைவிட்டவர்களைப் பழிவாங்கத் திரும்பி வருகிறான். டோக்கியோவில் சர்வதேச அமைதி மாநாடு கூடவிருக்கிறது. அதற்கு வரும் பிரதிநிதிகளின் விமானங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. கைஜூக்களை எதிர்க்கும் அறிவியல் காவல் படைக்குப் பாரிஸ் தலைமையகத்திலிருந்து உத்தரவு வருகிறது: அவன் யார் என்பது வெளியே தெரியக் கூடாது, வெறும் மிருகமாகவே எண்ணிக் கொன்றுவிடுங்கள். படையின் உறுப்பினனான இடே என்பவன், ஜமீலா நம்மில் ஒருவன் அல்லவா என்று கேட்டுத் துப்பாக்கியைக் கீழே போடுகிறான்.

நெருப்பு ஜமீலாவை ஒன்றும் செய்யாது. தண்ணீர்தான் அவனுக்கு எமன். எந்தத் தண்ணீருக்காக அத்தனை காலம் ஏங்கினானோ அதையே அல்ட்ராமேன் அவன்மேல் பீய்ச்சுகிறான். ஜமீலா சேற்றில் விழுகிறான், புரள்கிறான், எழப் பார்த்து மறுபடி விழுகிறான். மாநாட்டு அரங்கத்தின் முன்னால் நட்டிருக்கும் பல நாட்டுக் கொடிகளை நோக்கித் தவழ்ந்து அப்படியே அடங்கிப்போகிறான். அவன் கதறல் பச்சைக் குழந்தையின் அழுகை போலக் கேட்கும். பிறகு அவனுக்கு ஒரு நினைவுப் பலகை வைக்கிறார்கள், மனித குலத்துக்காக உயிர் தந்தவன் என்று. பலியானவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது அழகான வாசகம் மட்டும்தான் என்று இடே முணுமுணுப்பதோடு பகுதி முடிகிறது.

ஜமீலாவுக்குக் கழுத்து கிடையாது, தலையும் தோளும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். சட்டையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஜமீலா வேஷம் போடாத குழந்தை அந்தத் தலைமுறையில் ஜப்பானில் குறைவு. அந்த விளையாட்டைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. தோற்றுப்போனவனாக ஆசைப்பட்டு நடிக்கும் குழந்தைகளை உருவாக்கியது ஒரு டிவி தொடர். ரப்பர் உடுப்பு போட்டவர்கள் அட்டைக் கட்டடங்களுக்கு நடுவில் சண்டை போடுவது என்று இதை ஒதுக்குபவர்களுக்கு நான் எப்போதும் முதலில் போட்டுக்காட்டுவது ஜமீலாவின் பகுதியைத்தான்.

இந்த வகைப் படைப்புகளுக்கு ஜப்பானில் டோகுசாட்சு என்று பெயர். நம் ஊரில் என் வயதுக்காரர்களுக்கு அதில் அறிமுகமானது அநேகமாக ஒன்றே ஒன்றுதான். 1980களில் தூர்தர்ஷன் போட்ட 'ஜெயன்ட் ரோபோட்'. கைக்கடிகாரத்தில் பேசி ராட்சத எந்திரத்தை ஏவும் சிறுவனை நினைவிருக்கும். டோயே நிறுவனம் 1967இல் தொடங்கி 26 பகுதிகளாக எடுத்த தொடர் அது. கடைசிப் பகுதியில் ரோபோ சிறுவனின் பேச்சை மீறி, எதிரித் தலைவனைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போய்த் தன்னையே அழித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு கறுப்பு வெள்ளை டிவி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருவன். ஜப்பானியர்கள் ஏன் இப்படி ஒரு முடிவைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள் என்று அப்போதே மனசில் ஒரு கேள்வி விழுந்துவிட்டது. பிற்பாடு அல்ட்ராமேனைத் தேடிப் போனதற்கும் அதுதான் காரணம்.

அல்ட்ராமேனின் மூலவர் சுபுராயா எய்ஜி. 1901இல் ஃபுகுஷிமா மாகாணத்தின் சுகாகவா ஊரில் பிறந்தவர். 1954இல் காட்ஸில்லாவை நடக்கவைத்த கை அவருடையது. 1963இல் தனியாக ஒரு நிறுவனம் தொடங்கினார். தொடங்கிய கையோடு அமெரிக்காவிலிருந்து ஆப்டிகல் பிரின்டர் என்ற இயந்திரத்தைத் தருவிக்க ஏற்பாடு செய்தார். தனித்தனியாக எடுத்த காட்சிகளை ஒரே பிலிமில் பிசிறில்லாமல் சேர்க்கும் கருவி. அப்போது உலகத்திலேயே மிகச் சில இடங்களில்தான் இருந்தது, விலையோ அவர் கைக்கு எட்டாதது. டிபிஎஸ் தொலைக்காட்சி அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பதிலாகத் தொடர் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. 1966 ஜனவரி 2 அன்று தொடங்கிய 28 பகுதி கறுப்பு வெள்ளைத் தொடர் 'அல்ட்ரா க்யூ' இப்படித்தான் வந்தது. அதில் நாயகன் கிடையாது, கைஜூக்கள் மட்டும்தான். அதே ஆண்டு ஜூலை 17 முதல் வண்ணத்தில் அல்ட்ராமேன்.

கைஜூதான் முதலில் வந்தது, நாயகன் பிறகுதான் வந்தான் என்ற இந்த வரிசை முக்கியமானது. மற்ற நாட்டு நாயகத் தொடர்களில் வில்லன் என்பவன் நாயகனைக் காட்டுவதற்காகச் செய்யப்படுபவன். இங்கே நாயகன் இல்லாமலே அரையாண்டு ஓடியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கைஜூவுக்கும் ஒரு வரலாறும் ஒரு வருத்தமும் வைத்து எழுதும் பழக்கம், அல்ட்ராமேன் பிறப்பதற்கு முன்பே அந்த எழுத்தாளர்களுக்கு இருந்தது.

அந்தக் கைஜூக்களுக்கு உருவம் தந்தவர் நரிதா தோரு என்ற சிற்பி. முறையாகக் கலைக்கல்லூரியில் சிற்பம் படித்தவர். தனக்குத் தானே சில விதிகள் வைத்துக்கொண்டார். கைஜூ வேறு, பேய் வேறு. ஆகவே இரண்டு தலை, பத்துக் கை என்று ஒட்டவைக்கும் வேலை கூடாது. இருக்கிற மிருகத்தை அப்படியே பெரிதாக்கிக் காட்டக் கூடாது. உடல் சிதைந்து ரத்தம் ஒழுகும் அருவருப்பான உருவத்தைக் குழந்தைகள் முன்னால் வைக்கக் கூடாது. இந்த விதிகளை வைத்துக்கொண்டு அவர் வரைந்தவற்றைப் பாருங்கள்: உடல் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் நெளியும் டாடா, நண்டுக் கொடுக்குகளோடு நிற்கும் பால்டன், மஞ்சள் முகத்தோடு கரேலென்று நிற்கும் ஜெட்டன். எதுவும் அசிங்கமில்லை. கொல்லப்படப் போகிற ஒன்றை அழகாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தவர் அவர். அறுபது ஆண்டுகளாக அந்த உருவங்கள் பொம்மைகளாகவும் சிலைகளாகவும் தொடர்ந்து செய்யப்பட்டு வருவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அல்ட்ராமேனின் உருவமும் நரிதாவுடையதுதான். முகத்தைச் செதுக்கியவர் சசாகி அகிரா. அந்த முகத்தில் கோபம் இல்லை. லேசாகச் சிரிப்பது மாதிரியும் தெரியும், துக்கப்படுவது மாதிரியும் தெரியும், வெளிச்சம் விழும் கோணத்தைப் பொறுத்து. மார்பில் இருக்கும் விளக்கு, சக்தி குறையும்போது நீலத்திலிருந்து சிவப்பாகித் துடிக்குமே, அது நரிதாவின் வரைபடத்தில் இல்லை. தயாரிப்பில் பிறகு சேர்த்தது. கடைசிவரை அவருக்கு அது பிடிக்கவில்லை. 2022இல் ஹிகுச்சி ஷின்ஜியும் அன்னோ ஹிதேயாகியும் 'ஷின் அல்ட்ராமேன்' எடுத்தபோது அந்த விளக்கை நீக்கி, நரிதா நினைத்த உருவத்தையே திரையில் நிறுத்தினார்கள். நரிதா 2002இலேயே காலமாகிவிட்டார். அவர் பார்த்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்.

உடுப்புக்குள் இருந்தவர் ஃபுருயா. ஒல்லியான, நெடிய உடல்வாகுக்காகவே நரிதாவின் கண்ணில் பட்டவர். முக்குளிப்பவர்கள் அணியும் ரப்பர் உடையிலிருந்து செய்த உடுப்பு. மூச்சு முட்டும், வியர்வை வெளியேற வழி இல்லை. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு பொருள் விழ எடுக்கும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 25இல் ஒரு பங்கு அளவில் ஒரு கட்டடத்தைச் செய்து இடித்தால், நிஜக் கட்டடம் விழும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் அது சரிந்துவிடும். கண்ணுக்கு உடனே பொம்மை என்று தெரிந்துவிடும். ஆகவே கணக்குப்படி கேமராவை ஐந்து மடங்கு வேகத்தில் ஓட்டிப் பிடித்து, சாதாரண வேகத்தில் காட்ட வேண்டும். அப்போதுதான் தூசி மெதுவாக எழும்பும், சுவர் கனத்தோடு சாயும், ராட்சதக் கால் பூமியில் பதியும்போது எடை தெரியும். சரி, கேமரா வேகமாக ஓடினால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்துபோகும். ஈடுகட்ட விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தச் சூட்டுக்கு நடுவில், ரப்பருக்குள், கண் சரியாகத் தெரியாமல், சாதாரணத்தைவிட வேகமாக ஒருவர் சண்டை போட வேண்டும். கொஞ்சம் மெதுவாக அசைந்தாலும் திரையில் உறைந்துபோன மாதிரி தெரியும். குனிந்து, முதுகை வளைத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி நிற்கும் அல்ட்ராமேனின் அந்தத் தோரணைக்குப் பின்னால் இந்த உழைப்பு இருந்தது. தாங்க முடியாமல் வேலையை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்துப் போகும் வழியில், பேருந்தில் குழந்தைகள் அல்ட்ராமேனைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு மனம் மாறியதாக ஃபுருயா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

செங்குத்தாக வலக்கை, குறுக்காக இடக்கை. அதிலிருந்து பாயும் ஸ்பேசியம் கதிர், பிலிமில் ஒவ்வொரு பிரேமாகக் கையால் வரைந்தது. வரைந்தவர் இய்சுகா சதாவோ. ஒரு கதிருக்குப் பின்னால் ஒரு மனிதனின் விரல் இருந்தது என்று தெரிந்த பிறகு அந்தக் காட்சியை நான் முன்பு மாதிரி சும்மா பார்ப்பதில்லை.

பணமும் நேரமும் எப்போதும் பற்றாது. வாரத்துக்கு ஒரு புதுக் கைஜூ என்றால் சும்மாவா? 10ஆவது பகுதியில் வரும் ஜிராஸ், காட்ஸில்லாவின் பழைய உடுப்புக்குக் கழுத்தில் விசிறி மாதிரி ஒரு மடல் மாட்டியதுதான். சராசரி பார்வையாளர் விகிதம் 36.8 சதவீதம் இருந்தும் 39 பகுதிகளோடு 1967 ஏப்ரல் 9 அன்று தொடர் முடிந்தது. தயாரிப்பு ஒளிபரப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆனால் என்னை இந்தத் தொடரோடு கட்டிப்போட்டவர் தலைமை எழுத்தாளர் கின்ஜோ டெட்சுவோ. 1938இல் பிறந்து ஓகினாவாவில் வளர்ந்தவர். 1945 வசந்தத்தில் அமெரிக்கப் படைகள் அந்தத் தீவில் இறங்கியபோது அவருக்கு ஆறு வயது. அந்த மூன்று மாதப் போரில் தீவு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் செத்துப்போனார்கள். கின்ஜோவின் தாய் ஒரு காலை இழந்தார். போர் முடிந்தும் ஓகினாவா ஜப்பானுக்குத் திரும்பவில்லை. 1972 மே வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. அங்கிருந்து டோக்கியோவுக்குப் படிக்க வருவதற்கே பயண ஆவணம் வேண்டும். அப்படி வந்து, சுபுராயாவின் நிறுவனத்தில் கதை இலாகாவுக்கே தலைவரானவர் இவர். இரண்டு பெரிய படைகள் மோதும்போது காலடியில் நசுங்குகிறவர்கள் யார் என்பதை இவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அல்ட்ராமேனில் அவர் எழுதிய கடைசிப் பகுதியில் ஜெட்டனிடம் நாயகன் தோற்றுச் சாய்கிறான். ஜெட்டனை வீழ்த்துவது மனிதர்கள் செய்த குண்டு. அல்ட்ராமேனை அழைத்துப்போக அவன் ஊரிலிருந்து வரும் ஜோஃபியிடம் அவன் கேட்பது, தன் உயிரை எடுத்து, தன்னோடு ஒன்றாகியிருந்த மனிதன் ஹயாதாவுக்குக் கொடுங்கள் என்பதுதான். குழந்தைகள் வானத்தைப் பார்த்து அழுதார்கள் என்று அந்தத் தலைமுறையினர் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். எனக்கு அந்த ரோபோவின் முடிவு ஞாபகம் வந்தது.

அடுத்த தொடர் 'அல்ட்ராசெவன்', 1967 அக்டோபர் முதல் 1968 செப்டம்பர் வரை 49 பகுதிகள். அதன் 42ஆவது பகுதியைக் கின்ஜோ எழுதினார். கடலடியில் மனிதர்கள் கட்டுமானம் தொடங்குகிறார்கள். தாக்குதல் நடக்கிறது. ஒரு சிறுவன் வந்து சொல்கிறான்: கடலுக்கடியில் நான்மால்ட் என்ற மக்கள் இருக்கிறார்கள், பூமி முதலில் அவர்களுடையது, மனிதர்கள்தான் பின்னால் வந்து அவர்களைக் கடலுக்குள் விரட்டினார்கள் என்று. பாதுகாப்புப் படையின் தளபதி கிரியாமா கடலடி நகரத்தைப் பார்க்கிறார். ஒரு கணம் தயங்குகிறார். சிறுவன் சொன்னது உண்மையாக இருந்தால்? பிறகு ஏவுகணைகளை விட்டு அந்த நகரத்தைத் தரைமட்டமாக்குகிறார். கடலும் இனி மனிதனுடையது என்று வெற்றிக் குரல் எழுப்புகிறார். பூமியைக் காக்க வந்த நாயகன் அல்ட்ராசெவன் மேலே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான், யாருக்காகப் போடுகிறோம் என்ற குழப்பத்தோடு.

இதை ஓகினாவாவின் கதையாகப் படிப்பவர்கள் உண்டு. பூர்வகுடிகளின் நிலம் பறிக்கப்பட்ட எந்த நாட்டிலும் இதைத் தங்கள் கதையாகப் படிக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தயக்கம். கிரியாமா கெட்டவர் இல்லை, அதுவரை 41 பகுதிகளில் குழந்தைகள் நேசித்த தளபதி. அவரைக் கொண்டே அதைச் செய்யவைத்தார் கின்ஜோ.

1969இல் அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓகினாவாவுக்குத் திரும்பினார். அங்கே வானொலி, நாடகம் என்று வேலை செய்தார். 1975இல் ஓகினாவாவில் நடந்த கடல் கண்காட்சியின் விழாக்களுக்கும் உழைத்தார். 1976 பிப்ரவரியில் வீட்டில் தவறி விழுந்து இறந்துபோனார். வயது 37. குடி அவரைத் தின்றிருந்தது. டோக்கியோவில் ஓகினாவாக்காரர், ஓகினாவாவில் டோக்கியோவிலிருந்து வந்தவர். இரண்டு பக்கத்துக்கும் பாலமாக இருக்க ஆசைப்பட்ட மனிதர் நடுவிலேயே நின்றுவிட்டார்.

அவருடைய ஊர்க்காரரும் நண்பருமான உயெஹாரா ஷோசோ, 1971இல் 'திரும்பி வந்த அல்ட்ராமேன்' தொடரில் எழுதிய 33ஆவது பகுதி, டோகுசாட்சுவில் இதுவரை வந்தவற்றில் ஆகத் துணிச்சலானது என்பது என் கருத்து. ஆற்றங்கரையில், தகரக் கொட்டகையில், ரியோ என்ற அனாதைச் சிறுவன். எப்போதும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறான். அவன் வேற்றுக் கோளில் இருந்து வந்தவன் என்று ஊரில் வதந்தி. பெரிய பையன்கள் அவனைக் கழுத்துவரை புதைத்துச் சேற்று நீரை ஊற்றுகிறார்கள். கடைக்காரர்கள் ரொட்டி விற்க மறுக்கிறார்கள். உண்மையில் வேற்றுக் கோளினர், அவனோடு இருக்கும் கானயாமா என்ற நோயாளிக் கிழவர். பூமியின் தட்பவெப்பத்தை ஆராய வந்தவர். பசியில் கிடந்த சிறுவனை எடுத்து வளர்த்தவர். நம் நகரத்தின் நச்சுக் காற்றில் அவர் உடல் அழுகிக்கொண்டிருக்கிறது. அவரை ஊருக்கு அனுப்பத்தான் புதைந்த கலத்தைத் தோண்டுகிறான் பையன்.

கும்பல் வருகிறது, கையில் கிடைத்த ஆயுதத்தோடு. சிறுவனை இழுத்துப் போகும்போது, கிழவர் வெளியே வந்து, நான்தான் அது, அவனை விடுங்கள் என்கிறார். போலீஸ்காரனின் குண்டு அவரைச் சாய்க்கிறது. அவர் அடக்கி வைத்திருந்த கைஜூ முருச்சி அந்த நொடியில் எழுகிறது. கும்பல் உடனே, அல்ட்ராமேனாக மாறும் நாயகன் கோ பக்கம் திரும்பி, சீக்கிரம் அதைக் கொல்லுங்கள் என்று கத்துகிறது. கோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் இஷ்டத்துக்குப் பேசாதீர்கள், அந்தக் கைஜூவை வரவழைத்ததே நீங்கள்தான் என்று அவன் மனசு சொல்கிறது. ஒரு நாயகத் தொடரில் நாயகன் எழுந்திருக்க மறுக்கிறான்.

1923 செப்டம்பரில் காண்டோ பூகம்பம் வந்தபோது, கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று புரளி கிளம்பி, ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கும்பல்கள் அடித்துக் கொன்றன. ஜப்பானிய உச்சரிப்பு சரியில்லை என்பதே மரண தண்டனைக்குப் போதுமானதாக இருந்தது. டோக்கியோக்காரர்கள் காதுக்கு ஓகினாவாப் பேச்சும் வேறுதான். உயெஹாரா இந்தப் பகுதியில் மனதில் வைத்தது அந்தப் படுகொலையைத்தான். கானயாமா என்பது ஜப்பானில் வாழும் கொரியர்கள் பலர் வைத்துக்கொண்ட பெயர். ஆனால் பகுதி முழுக்கக் கொரியா என்ற சொல் ஒருமுறைகூட வராது. செய்தித்தாளில் எழுத முடியாததை, வெள்ளிக்கிழமை மாலை, குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் ஒரு கைஜூவை வைத்துச் சொல்லிவிட்டார்.

இதில் ஒரு பெண் வருவாள். எல்லாக் கடையும் விரட்டிய பிறகு, ரொட்டிக் கடைப் பெண் மழையில் ஓடி வந்து ரியோ கையில் ரொட்டியைக் கொடுக்கிறாள். இரக்கப்பட்டுத் தருகிறாயா என்று அவன் முறைக்கும்போது, இல்லை, நாங்கள் ரொட்டிக் கடை வைத்திருக்கிறோம் அல்லவா என்கிறாள். என் மகளோடு இதைப் பார்த்தபோது அவள் கேட்ட ஒரே கேள்வி அந்தப் பெண்ணைப் பற்றித்தான்: மற்ற கடைக்காரர்களும் கடைதானே வைத்திருக்கிறார்கள்?

அல்ட்ரா தொடர்கள் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கின்றன. மலேசியத் தமிழர்களிடம் பேசினால் 1996இல் வந்த 'டிகா'வைத்தான் முதலில் சொல்வார்கள், அவர்கள் வளர்ந்தது அதோடு. அதுவும் நல்ல தொடர். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் பாதை வேறு. முதலில் அல்ட்ராமேனின் 2ஆவது பகுதி: சொந்தக் கோள் அழிந்துபோய், நுண்ணுயிர் அளவில் சுருங்கி, ஒரே கலத்தில் அலையும் 203 கோடி பால்டன் அகதிகள். அப்புறம் ஜமீலா. பிறகு 35ஆவது பகுதி, விண்வெளியில் உள்ள தன் கல்லறைக்கே திரும்பிப் போக அழும் எலும்புக்கூட்டுக் கைஜூ சீபோசு. அதில் அறிவியல் காவல் படையினர், தாங்கள் கொன்ற கைஜூக்களின் படங்களை வரிசையாக வைத்துப் புத்த பிக்குவை அழைத்துத் திதி கொடுப்பார்கள். ஜமீலாவையும் சீபோசுவையும் இயக்கியவர் ஒருவரே, ஜிஸ்ஸோஜி அகியோ. கேமராவை எங்கே வைப்பார் என்று ஊகிக்கவே முடியாது. அதன் பிறகு செவனின் 42. கடைசியாக ரியோவின் கதை. மூன்று தொடர்களும் ஆங்கில சப்டைட்டிலோடு டிஸ்க்குகளாக வந்திருக்கின்றன. குழந்தைகளோடு பார்ப்பதாக இருந்தால் அந்தக் கடைசிப் பகுதிக்குப் பிறகு உடனே வேறு எதையும் போட்டுவிடாதீர்கள். அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.